கண்டியிலிருந்து கோமதி

6 ஆகஸ்ட் 1962, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. வாசல் முழுக்கப் புழுதி. வாங்க வேண்டியது: வெள்ளை நூல், ஊசி, பிரஸ் பட்டன்.

பஸ்ஸில் ரெட்டியார்சத்திரத்து அம்மாள் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம்: "தம்பி கல்யாணத்துக்குக் கண்டிக்காரரு வாராராம்ல. பொம்பளப் புள்ளையும் வருதாம்."

கண்டிக்காரர் என் வீட்டுக்காரர். கண்டியில் பலசரக்குக் கடை. நான் அங்கே குடிவர மாட்டேன் என்றேன். போன வருஷம் லீவில் வந்தவர், பழனியில் மொட்டை போடுகிறேன் என்று கோமதியைத் தூக்கிக்கொண்டு போனார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறிவிட்டார். அப்போது அவளுக்கு நாலு வயது. மதுரை கோர்ட்டில் கேஸ் போட்டேன். பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு. கடலுக்கு அந்தப் பக்கம் செல்லாத தீர்ப்பு.

இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். திரும்பிப் பேகம்பூர் வீட்டுக்கு நடை.

9 ஆகஸ்ட், வியாழன்

வக்கீல்: "புள்ள இந்த மண்ணுல கால் வச்சா நம்ம தீர்ப்பு செல்லும்மா. கோர்ட்டு அமீனாவை அனுப்பிப் புள்ளைய வாங்கித் தரச் சொல்லி மனுப் போடுவோம். வெளியில மூச்சு விடக் கூடாது."

அண்ணனுக்குப் பொறுமை இல்லை. "கோர்ட்டு எதுக்கு? மண்டபத்துல நாலு பேரு போயித் தூக்கிட்டு வந்துருவோம்."

வேண்டாம் என்றேன். ஒரு தடவை களவு போன பிள்ளை. மறுபடியும் அப்படித் தூக்க மாட்டேன். அண்ணன் கோபமாகப் போய்விட்டார். காபிகூடக் குடிக்கவில்லை.

20 ஆகஸ்ட், திங்கள்

மதுரை. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டதற்கு ஹெச்.எம். முகம் சுளித்தார். கொடுத்துவிட்டார்.

துணைக்குப் பக்கத்து வீட்டுக் கதீஜா அக்கா. அவர் மகனை அவன் தகப்பன் பினாங்குக்குக் கொண்டு போய்ப் பல வருஷம். வருஷத்துக்கு ஒரு கடிதாசி. இப்போது அவனுக்கு மீசை முளைத்த போட்டோ வந்திருக்கிறதாம். பஸ்ஸில் நான் கண்ணைத் துடைத்தபோது சொன்னார்: "எனக்கு எங்க போயிக் கேக்கணும்னு சொல்ல ஆளில்ல தங்கச்சி. ஒனக்கு நான் இருக்கேன். அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்க."

சாயங்காலம் உத்தரவு கிடைத்தது. பிள்ளையை என்னிடம் ஒப்படைத்து, மறுநாளே ஜட்ஜ் முன்னால் கூட்டிவர வேண்டும். வரும் வழியில் இரண்டு பேரும் பன் சாப்பிட்டோம். காலையிலிருந்து அதுதான்.

2 செப்டம்பர், ஞாயிறு

வந்துவிட்டார்கள். அக்காவுக்குத் தெரிந்த பூக்காரி ரெட்டியார்சத்திரத்தில் கண்ணால் பார்த்திருக்கிறாள். "ரெட்டைச் சடை. நல்லா வளந்துருக்கு."

கவுன் தைக்க உட்கார்ந்தேன். நான் தையல் டீச்சர், மகள் அளவு தெரியாது. மேல்வீட்டு ஐந்து வயதுக்காரியைக் கூப்பிட்டு நிறுத்தி அளவெடுத்தேன். கொஞ்சம் தாராளமாகவே வெட்டினேன்.

5 செப்டம்பர், புதன்

வெயில். கல்யாண வீட்டு வாசல். மேளம் கேட்டதும் அமீனா உள்ளே போகப் பார்த்தார். தாலி கட்டட்டும், பந்தி முடியட்டும் என்றேன். அந்தப் பெண்ணுக்கு இது கல்யாண நாள். வேப்பமரத்தடியில் நின்றோம், நான், அக்கா, வக்கீல் குமாஸ்தா.

பந்தி முடிந்ததும் அமீனா உள்ளே போனார். பேச்சுச் சத்தம் அடங்கியது. என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். இடுப்பில் கோமதி.

"இதுக்கா இம்புட்டு ஆளு? நீ கேட்டுருந்தா..."

"கேட்டேன். எத்தனை கடிதாசி போட்டேன்."

அமீனா கை நீட்டினார். கோமதி தகப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். என்னை அடையாளம் தெரியவில்லை. அழுகைக்கு நடுவில் "வதுர, வதுர" என்றாள். எனக்குப் புரியவில்லை. என் பிள்ளை கேட்பது எனக்குப் புரியவில்லை.

"தண்ணி கேக்குறா. சிங்களப் புள்ளைகளோட வெளாடிப் பழக்கம்" என்றார் அவர். உள்ளேயிருந்து டம்ளர் கொண்டு வரச் சொன்னார். வாங்கி, அவளிடம் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

என் கையிலிருந்து குடித்தாள்.

6 செப்டம்பர், வியாழன்

ஜட்ஜ் தீர்ப்பை மாற்றவில்லை. கோர்ட்டைக் கேட்காமல் பிள்ளை கடல் தாண்டக் கூடாது. ஊருக்கு வரும்போதெல்லாம் தகப்பன் பார்க்கலாம். வீட்டுக்காரர் கேட்காததையும் நான் கேட்டேன்: மாசம் ஒரு கடிதாசி அவளுக்குப் போட வேண்டும். தலையாட்டினார். வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்காகத் திரும்பி அவரிடம் போகவில்லை.

9 செப்டம்பர், ஞாயிறு

லேசான தூறல். மூன்று நாளாக அப்பா, அப்பா. என்னை "நீங்க" என்கிறாள். கதீஜா அக்கா வீட்டு ஆட்டுக்குட்டியிடம் மட்டும் சிரிப்பு. அக்கா சோற்றுக்கு வெஞ்சனம் கொண்டு வந்தார், பீன்ஸ் பொரியல். தொடவில்லை. தயிர்ச்சோறு கொஞ்சம் இறங்கியது.

சடை பின்னும்போது தானாகப் பேசினாள். "அம்மாவுக்கு வேல இருக்கு, அதான் வரலன்னு அப்பா சொன்னாங்க."

இறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அந்த மட்டும் நல்லது.

திரும்பி என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்கு வேல முடிஞ்சிருச்சா?"

முடிஞ்சிருச்சு என்றேன். நாளை முதல் பீரியட் எட்டாம் வகுப்பு. இவளையும் கூட்டிப் போகிறேன். ஹெச்.எம். சொல்வதைச் சொல்லட்டும்.