இடுப்புக்கு வைத்த பரீட்சை

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? நானும் சுகம், இடுப்பு மட்டும் சம்மதிக்கவில்லை. போன வாரம் கிடங்கில் பெட்டி தூக்கும்போது பிடித்துக்கொண்டது. பயப்படாதே.

"இனி உங்களால ஆகாதுண்ணே, ஊருக்குப் போய்ப் படுங்க" என்றார் மேஸ்திரி. வீம்புக்கு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன்.

அங்கே நர்ஸம்மா ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். யாருக்கு இந்த வலி நாள்பட்டு ஆளையே முடக்கும் என்று ஆரம்பத்திலேயே அதில் தெரியுமாம். வேலை போய்விடும் என்று பயந்து, எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டேன்.

"செவுத்தப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டு வலியே இல்லைங்கறீங்களே! உண்மைய எழுதுங்கய்யா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

எழுதினேன். குனியப் பயம், தூக்கமில்லை, தேறமாட்டேன் என்ற நினைப்பு.

"டாக்டர் பார்த்துட்டாரு, எலும்பு நல்லாத்தான் இருக்கு. பயந்து படுத்தீங்கன்னாதான் முடங்கிடுவீங்க. தினம் நடங்க, பயிற்சிக்கு வாங்க" என்றார்.

வேலைக்குத் திரும்பும் நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு என்பது கடைசிக் கேள்வி. பன்னிரண்டு போட்டேன்.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்: "லேசான வேலை குடுங்க, செய்யறேன். படுக்க மாட்டேன்." முனகிக்கொண்டே லேபிள் ஒட்டும் வேலை கொடுத்தார்.

பாப்பா வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் பதிந்து அனுப்பு. நடக்கும்போது பேச்சுத்துணைக்கு ஆளில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டேன், நடக்கக் கிளம்புகிறேன்.

முக்கால்வாசி நிமிர்ந்துவிட்ட
உன் வீட்டுக்காரன்