பங்காளி மரங்கள்

என் மாப்ள கதிரேசா,

செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாம் பொறுக்கியெடுத்த மரங்களின் மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

பெருமரம், நம் ஊர்க்காரர் வாயில் தீக்குச்சி மரம். அதில் கோணலில்லாமல் நெட்டையாய் வளர்ந்து சீக்கிரம் பருப்பவற்றைத் தேடிப் பைக்கில் அலைந்தோம். மல்லாங்கிணற்றில் ஒரு வரப்பு, சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி, காரியாபட்டியில் ஒரு கிணற்றடி. ஊருக்கு ஒன்றாக எடுத்தால் ரத்தம் வேறுவேறாக இருக்கும் என்றாய். எனக்கும் சரியென்றே பட்டது. ஒவ்வொன்றிலும் கிளை வெட்டி ஒட்டுக்கட்டி, உன் அப்பாவின் நிலத்தில் நல்ல விதை எடுப்பதற்கென்றே தோட்டமாக நட்டோம்.

அத்தனையும் கூடப்பிறந்தவை, மாப்ள. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அதுகள் தங்களுக்குள் சேர்ந்து விதை வைத்தால் கன்று நோஞ்சானாகப் பிறக்கும். ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து சாகும். ஒரே குடும்பத்தைத்தான் ஊர் ஊராகப் போய்த் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

மண்டை காய்ந்து மாமாவிடம் கேட்டேன். உன் அப்பா சிரித்தார்.

“ஏலே, அது நம்ம கன்னுதாம்லே. எந்தங்கச்சி கல்யாணத்துல தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பதிலா தீக்குச்சி மரக் கன்னு வச்சுக் குடுத்தேன். எல்லாம் நம்ம தீப்பெட்டிக் கம்பெனிக் கெணத்தடில நின்ன ஒத்த மரத்து வெத. ‘தேங்கா போட வக்கில்லாம குச்சியப் போட்டுட்டான்’னு சம்பந்திக சிரிச்சாக. இப்பப் பாரு, அம்புட்டு ஊர்லயும் நிக்கிது!”

உன் அத்தை கல்யாணம் நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. உனக்குத் தெரியாது, சரி. ஆனால் போன இடமெல்லாம் “வாங்க மருமகனே, மோர் சாப்பிடுறீகளா?” என்று கேட்டார்களே, அப்போதாவது நமக்கு உறைத்திருக்க வேண்டாமா? தெரிந்தவர் தோட்டம் என்றால் மரத்தில் ஏறவிடுவார்கள் என்று சொந்தக்காரர் வீடாகவே போனோம். மரமும் சொந்தமாகத்தானே இருக்கும்?

இந்த மாசியில் தோட்டம் முதல் பூ பூத்திருக்கிறது. நான்குவழிச் சாலையில் லாரி உன்னை அடித்துப் போட்ட நாளிலிருந்து மாமா கம்பெனிப் பக்கம் போவதில்லை. லோடு போனதா, ஆர்டர் வந்ததா, எதுவும் கேட்பதில்லை. இந்த மரத்தடிதான் கதி. இதன் விதையில் கன்று போட்டு, உன் நினைவு நாளுக்கு ஊர் பூராவும் கொடுக்க வேண்டுமாம். மறுபடியும் பையில் கன்று.

நேற்றுச் சொல்லிவிட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, உனக்குத்தான் தெரியுமே.

“மாமா, இது பூராவும் பங்காளி மரம். பங்காளிக்குள்ள பொண்ணு குடுப்பீகளா? இந்த வெத ஆகாது.”

அவர் கையிலிருந்த குழாயைக் கீழே போடவில்லை. தண்ணீர் ஒரே மரத்தடியில் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப எம்மவன் நட்டது ஒண்ணுக்கும் ஆகாதாலே?”

“குச்சிக்கு ஆகும் மாமா. வெதைக்குத்தான் ஆகாது.”

“அவனும் அப்படித்தாம்லே போனான். வெதையில்லாம.”

நான் குழாயை வாங்கி அடுத்த மரத்தடிக்கு மாற்றினேன்.

இந்த மரங்களுக்குச் சம்பந்தம் பேச வெளி ரத்தம் வேண்டும். அந்தக் கல்யாணத்துக்கு முந்திய கிழட்டு மரங்கள் சாலையோரம் நின்றன. சாலையை அகலப்படுத்தத் தூரோடு பிடுங்கிவிட்டார்கள். நீ செத்த அதே சாலைதான்.

இருந்தாலும் தேடிப் போவேன். உன் சொந்தக்காரன் ஒருவனும் இல்லாத ஊராகப் பார்த்து, மோருக்குப் பதில் நாயை அவிழ்த்துவிடும் ஊராகப் பார்த்துப் போவேன். கோணல் மரமானாலும் சரி. கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. கிடைத்தால் உன் மரங்களுக்கு நடுவில் அதை நடுவேன். இது சத்தியம்.

அதுவரை ஒரு விதையும் வெளியே போகக் கூடாது. இன்று காலை பூங்கொத்துகளை ஒடிக்க ஆரம்பித்தேன். மாமா வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

உனக்குப் பங்காளியாகப் பிறக்காத,
உன் மச்சான்
மாரீஸ்வரன்