அடைத்த குழாயும் சுற்றும் முள்ளும்

மச்சான்,

உம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது, நெடுங்காட்டுக்குப் போகிறேன். மீன் ஆணம் உறியில் இருக்கிறது. தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் அசர் தொழுகைக்குள் வருவார், கதவைத் திறந்து விடுங்கள்.

"தண்ணியக் கொண்டுபோய்க் கடல்லயா ஊத்துறே?" என்று நேற்று பில்லைப் பார்த்துக் கத்தினீர்களே, அது இன்னும் காதில் நிற்கிறது. காலையில் எல்லாக் குழாயையும் இறுக அடைத்துவிட்டு மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முள் அதுபாட்டுக்குச் சுற்றுகிறது! ஜின் வேலையோ என்று பயந்துபோனேன். அப்போது நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், உங்கள் தம்பி நூகு வீட்டில், பிள்ளையைக் குளிப்பாட்டும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றது, முள்ளும் நின்றது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாகம் பிரித்துச் சுவர் வைத்தபோது, "அவன் பக்கம் போற குழாய அடைச்சாச்சு" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? மறந்துவிட்டீர்களா, மனசு வரவில்லையா? மனசு வரவில்லை என்றால் என்னை ஏன் திட்டினீர்கள்?

அஜீசுன்னிசா

சாவி எதிர்வீட்டு மெஹர் பானுவிடம்.

இன்னொன்று. மீட்டர்காரர் கேட்டால், "எம் பொண்டாட்டி தண்ணியக் கண்டபடி செலவழிப்பா" என்றே சொல்லிவிடுங்கள். அந்தக் குழாயை மட்டும் அடைக்க வேண்டாம்.