துடைப்பக்கட்டைத் துப்பாக்கி

1942 ஜூலை 6
இன்றும் பார்லிக் கஞ்சி. இன்றும் என் விமானி யெமெல்யான் உயிரோடு திரும்பிவிட்டான். விமானத்தின் வால் மட்டும் சல்லடை. எங்கள் சோவியத் இல்-2 விமானத்துக்கு முன்னால் பீரங்கி, வயிற்றில் குண்டு, விமானியைச் சுற்றி இரும்புக் கவசம் எல்லாம் உண்டு. பின்னால் துரத்துகிறவனைச் சுட நாதியில்லை. முதலில் இரண்டு பேருக்குத்தான் வரைந்தார்களாம். ஒரே ஆள் போதும் என்று மேலிடத்தில் யாரோ பின்னிருக்கையை எடுத்துவிட்டார்களாம். அந்தப் புண்ணியவான் ஒருநாள் வந்து பறந்து பார்க்கட்டும்!
நான் குண்டு மாட்டுகிறவள். என் வேலை தரையோடு சரி. மனசுதான் அவனோடு ஏறிப் போய்விடுகிறது, என்ன செய்ய?

ஜூலை 11
சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. துடைப்பக்கட்டைக்குக் கறுப்புச் சாயம் பூசி, விமானத்தில் யெமெல்யான் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி மாதிரி நட்டுவைத்தேன்.
"ஏ தாஸ்யா, ஜெர்மன்காரனைப் பெருக்கித் தள்ளவா?" என்றான்.
போனான், வந்தான், ஓர் ஓட்டைகூட இல்லை! துரத்தியவன் கட்டையைப் பார்த்ததும் விலகிவிட்டானாம்.

ஜூலை 12
எல்லா விமானிகளும் கட்டை கேட்கிறார்கள். முகாமில் கூட்டத் துடைப்பமே இல்லை.

ஆகஸ்ட் 2
கட்டை சுடாது என்று ஜெர்மன்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். யெமெல்யான் தோளில் ரத்தத்தோடு இறங்கினான். சிராய்ப்பாம். சிராய்ப்பா அது? ஐயோ! கட்டைய நட்டவ நான்தானே.

ஆகஸ்ட் 9
பொறியாளர் கேப்டன் ஸாவ்வாவிடம் போய் நின்றேன். "விமானத்து முதுகுல ஓட்டை போட்டு நிஜத் துப்பாக்கி வைப்போம், தோழர் கேப்டன். ஆளையும் உக்கார வைப்போம்."
"மேலிடத்துல கேட்டா?"
"ஜெர்மன்காரன் போட்ட ஓட்டைன்னு சொல்லுங்க. கொஞ்சம் பெருசா போட்டுட்டான்."
சிரிக்காமல் ரம்பத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 14
ஓட்டை தயார். இருக்கைக்கு ஒரு கித்தான் வார், தைத்ததும் நான்தான். சுடப்போவது சார்ஜண்ட் ப்ரோகோராம். அவன் ஒரு மலை. யார் இடுப்புக்கு அளவெடுத்தேன் என்று இங்கேகூட எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் 15
ப்ரோகோர் ஓட்டையில் மாட்டிக்கொண்டான்! கால் உள்ளே, வயிறு வெளியே. "அடிப்பாவி, பூனைக்கா கூடு செஞ்சே?" என்று கத்துகிறான். கேப்டன் ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ சுடுவியா?"
"கண்ணைக் கட்டிக்கிட்டே சுடுவேன், தோழர் கேப்டன்!"
யெமெல்யான் மட்டும் சிரிக்கவில்லை. "கவசம் என் முதுகோட முடியுது. உனக்கும் குண்டுக்கும் நடுவுல வெறும் பலகை. வேணாம்டி."
பயம்தான். கீழே நின்று வானத்தைப் பார்க்கிற பயத்துக்கு இது எவ்வளவோ மேல்.

ஆகஸ்ட் 18
பறந்தேன் பறந்தேன் பறந்தேன்! முதுகோடு முதுகு. பேசக் கருவி இல்லை. என் கையிலிருந்து அவன் தோளுக்கு ஒரு கயிறு. ஓர் இழுப்பு என்றால் எதிரி இடப்பக்கம், இரண்டு என்றால் வலப்பக்கம். ஒருவன் வந்தான். சுட்டேன். புகைவிட்டுக்கொண்டு ஓடினான். இறங்கியதும் வாந்தி. பரவாயில்லை.

அக்டோபர் 3
எதிரியே இல்லை, சும்மா மூன்று தடவை கயிற்றை இழுத்தேன். இறங்கியதும் கேட்டான்.
"மூணுன்னா என்னடி?"
"இருக்கியான்னு பார்த்தேன்."
காது சிவந்துவிட்டது அவனுக்கு.

நவம்பர் 20
தொழிற்சாலையே இப்போது பின்னிருக்கை வைத்து அனுப்புகிறது. தகவல் சொல்ல வண்ண விளக்குகள்கூட உண்டு. ப்ரோகோர் சுலபமாக உள்ளே இறங்கி, என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்கு உயிரே போயிற்று. இனி அந்த இடத்துக்கு என் இடுப்பளவு தேவையில்லையே!
மாலையில் யெமெல்யானைத் தேடினேன். புது விமானத்தின் பின்னிருக்கைக்குள் குனிந்திருந்தான். இதிலும் கவசம் அவன் முதுகோடுதான் முடிகிறது. நொறுங்கிய விமானத்திலிருந்து வெட்டிவந்த கவசத்தகட்டை இருக்கைக்குப் பொருத்திக்கொண்டிருந்தான். சின்னத் தகடு.
"ப்ரோகோருக்கா?" என்றேன்.
"அவனுக்குன்னா இன்னும் ரெண்டு விமானத்தை வெட்டணும்."
பழைய கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தான். கயிறு மூன்று தடவை இழுபட்டது.