ஏழாம் கேள்வி

செபு, பிலிப்பைன்ஸ்
8 ஜூன் 2009

அடி லோர்னா,

உன் வார்டு நர்சுகள் நிரப்பிய தாள்கள் வந்துவிட்டன! கணக்குப் போட்டேன். நம்பகத்தன்மை எண் ஏறக்குறைய ஒன்று, அதற்கு மேல் கிடையாது! பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நர்சுகளின் கணினித் திறமையை அளக்க நான் செய்த கேள்வித்தாள் இத்தனை துல்லியமா? அடுத்த வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. பிறகு பட்டம்!

உனக்கு மின்னஞ்சலே கிடையாதா? இது படகில் வந்து சேர்வதற்குள் நான் வெடித்துவிடுவேன்.

உன் ஜினாலின்

போஹோல் தீவு
12 ஜூன்

என் செல்ல இண்டாய்,

வார்டே கத்திக் கொண்டாடியது. நிரப்பிய அன்றும் கொண்டாட்டம்தான். மாலையில் பான்சித் நூடுல்ஸ் வாங்கி, எல்லோரும் தாளோடு ஒரே மேசையில்.

"ஏழாவதுக்கு என்னடி போட்ட?"

"எப்போதும்னு."

"அப்ப எனக்கும் அதே. சாஸை இங்க தள்ளு!"

மதிப்பெண் குறைந்தவர்களைப் புதிய கணினி வார்டில் சேர்க்க மாட்டார்களாம். யாரை விட்டுவிட முடியும், சொல்?

லோர்னா

செபு
16 ஜூன்

அடிப்பாவி,

நான் அளந்தது பான்சித்தையா? பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். தேர்வு அக்டோபருக்குப் போனது. ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபம். பிறகு ஒன்று தோன்றியது, உட்கார முடியவில்லை! கேட்டிருக்கக் கூடாது. செய்யச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். கணினியோடு வருகிறேன். ஒவ்வொருவராக. மூடிய கதவு. பெயர் வேண்டாம். மேலிடத்துக்கு ஒரு தாளும் போகாது.

ஏழாம் கேள்வி: "யார் உதவியும் இல்லாமல் கணினியில் கடிதம் எழுதுவேன்." நீயும் "எப்போதும்" போட்டிருக்கிறாய். ஆனால் உன்னிடமிருந்து எனக்கு வருவதெல்லாம் பேனா மையில் எழுதிய கடிதம்தான். ஆரம்பித்தது யார், தலைமை நர்சம்மா?

ஜினாலின்

மின்னஞ்சல்
2 ஜூலை

ஜினாலின்

புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை அதனால் நிற்காமல் போகிறேன் திட்டாதே

ஆரம்பித்தது நான்தான் வார்டிலிருந்து முதலில் போக வேண்டியவள் நான் என்று பயம் சின்னவள் ரிஸ்ஸா வந்து நான் அடிச்சுத் தரவா மேம் என்றாள் வெளிய போடி என்று கதவைச் சாத்திவிட்டேன் இரண்டு தடவை எல்லாம் மறைந்து போயிற்று எங்கே போகுமோ இந்த எழுத்தெல்லாம் இப்போது பயம் இல்லை ஜினாலின் பார் உன் பெயரை நானே அடித்திருக்கிறேன்

சீக்கிரம் வா பான்சித் உண்டு கணினியில் தேர்வை முடித்தவளுக்குத்தான் தட்டு என்று சொல்லிவிட்டேன்

ஏழாம் கேள்வியில் என் பதிலை மாற்று எப்போதும் என்று வேண்டாம்

ஒரு முறை

லோர்னா