மாப்பிள்ளை ஏன் மலேசியா வேண்டாம் என்கிறார்

ஆவணி 28, ஞாயிறு

மேகமூட்டம். கல்வராயன் மலை தெரியவில்லை. மழை இல்லை.

உறுதியானது: இட ஒதுக்கீட்டு மறியல் வியாழக்கிழமை தொடக்கம், ஒரு வாரம். சொன்னவர் எங்கள் சாதிச் சங்கத்தின் வட்டாரப் பொறுப்பாளர். டீக்கடையில், என் முகத்துக்கு நேராக.

உறுதியாகாதது: மாப்பிள்ளை சொல்லும் காரணம்.

கதிரேசனுக்கு மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கெமிஸ்ட் வேலை. மலேசியச் சர்க்கரை ஆலை ஒன்றிலிருந்து ஆர்டர் கைக்கே வந்துவிட்டது. மனைவி, குழந்தைக்கும் சேர்த்துக் குடியிருப்பு, பக்கத்தில் தமிழ்ப் பள்ளி, முருகன் கோயில். அதை வேண்டாம் என்கிறார். சாம்பியாவில் ஓர் ஆலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார், அங்கிருந்து இன்னும் பதிலே இல்லை. சம்பளம் ஜாஸ்தியாம்.

மலேசியாவை மறுத்துத் தந்தி வாசகம் எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

"நீங்கதான் தெனம் தந்தி ஆபீஸ் போறீங்களே மாமா. உங்க பத்திரிகை சேதியோட இத்தையும் போட்டுடுங்க."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். போடவில்லை. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து நான் எதையும் அனுப்புவதில்லை.

வசந்தி பக்கத்தில் நின்றாள். என் மகள், வாய் ஓயாதவள். ஒரு வார்த்தை பேசவில்லை. இதுவும் குறிப்பில் இருக்கட்டும்.

ஆவணி 29, திங்கள்

சங்கராபுரம். சாம்பியாவில் ஃபிட்டராக இருந்து திரும்பியவர் ஒருவர். பேச்சு தொடங்குமுன் எந்த ஊர், எந்த ஆளுங்க என்று விசாரித்துக்கொண்டேன். அது தெரிந்தால்தான் ஒருவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

ஆலை நிஜம். ஏமாற்று இல்லை.

சம்பளம்? "மலேசியாவ வுட கம்மிதான் சார். இத்த ஜாஸ்தின்னு எவன் சொன்னான்?"

தமிழர்கள்? "நம்ம பேச்சு பேச ஆளே கெடையாது. குஜராத்தி நாலு வூடு, தெலுங்குக்காரரு ஒருத்தரு. எனக்கு நாக்கே மரத்துப்போச்சு. ராத்திரில கொசுங்கிட்ட தமிழ்ல பேசிக்கினு கெடந்தேன்."

மலேரியா உண்டாம்.

ஆக, மாப்பிள்ளை பொய் சொல்லியிருக்கிறார். நாலு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு, சம்பளம் குறைந்த, பேச்சுத்துணை இல்லாத ஊருக்குப் போக ஒருவருக்கு என்ன அவசியம்? கடனா? ஆலையில் ஏதாவது விசாரணையா? மலேசியாவில் பார்க்கக்கூடாதவர் யாராவது இருக்கிறாரா? இல்லை, நான் எளிதில் வந்துபோகக்கூடாது என்பதா?

செருப்பு வார் அறுந்தது. தைக்க வேண்டும்.

ஆவணி 30, செவ்வாய்

திருக்கோவிலூர். உரக்கடைக்காரர், அவருடைய தம்பி அதே மலேசிய ஆலையில்தான். நல்ல மனிதர். காப்பி வரவழைத்தார்.

தண்ணீர் வசதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் விசாரித்தேன். குறை இல்லை.

"ஒன்னும் கவலப்படாதீங்க. கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவிலூரு, எல்லாம் நம்ம பக்கத்து ஜனங்கதான். பொண்ணு எடுக்கறது குடுக்கறதுகூட அங்கயே முடிச்சிக்கிறாங்க. சங்கம் வச்சிருக்காங்கன்னா பாத்துக்குங்க! மாப்ள நம்ம ஆளுங்கதானே?"

காப்பி நன்றாக இருக்கிறது என்றேன்.

"அதில்ல. தம்பிக்கு ஒரு வார்த்த எழுதிப் போட்டுட்டா வசதின்னு கேட்டேன். இன்னா ஆளுங்க?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

ஆவணி 31, புதன்

மறியல் நாளைதான். ஆனால் சங்கராபுரம் ரோட்டில் இன்று மாலையே புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். மலையிலிருந்து மரவள்ளி ஏற்றி வந்த லாரி கச்சிராயபாளையத்தில் நிற்கிறது. ஒதுக்கீடு கேட்பது நியாயம்தான். என் சொந்தக்காரப் பையன்களே கூட்டத்தில் இருக்கிறார்கள். செய்தி எழுதினேன்.

மறியலுக்கு முன் இங்கே வந்துவிடுவோம் என்று மாப்பிள்ளை, வசந்தி, பேத்தி பொன்னி மூவரும் மொபெட்டில் வந்து சேர்ந்தார்கள். நன்றாக இருட்டிவிட்டது. ஏன் தாமதம்? "வழியில சுத்திக்கினு வந்தோம் மாமா." மாப்பிள்ளை சாப்பிடவில்லை. தலைவலியாம்.

நம்பவில்லை.

புரட்டாசி 1, வியாழன்

வெயில். பஸ் இல்லை. தெருவே அடங்கிக் கிடக்கிறது.

காலையில் வெளியே கிளம்பினால், வாசலில் குறுக்கே தென்னைமட்டை. அதன் அந்தப் பக்கம் பொன்னி, இடுப்பில் கை.

"நில்லு! நீ இன்னா ஆளுங்க?"

"உன் தாத்தா."

"அத்த கேக்கல. இன்னா ஆளுங்க?"

"நீ சொல்லேன். நீ இன்னா ஆளுங்க?"

சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அம்மாதான் சொல்லணும். அப்பா பேசக்கூடாது. அதான் ஆட்டம்."

முதல் தகவல் பேத்தி. உறுதி செய்தவர் வசந்தி, அரிசி களைந்துகொண்டே:

"மரத்துகிட்ட நிறுத்துனாங்க நைனா. இருபது பேரு இருப்பாங்க. அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள நான் நம்ம ஆளுங்கன்னு சொல்லிட்டேன். உன் பேரையும் சொன்னேன். 'ரிப்போர்ட்டரு பொண்ணா, போங்கம்மா'ன்னு அவங்களே மொபெட்டத் தூக்கி அந்தாண்ட வச்சாங்க. மரியாதையாத்தான் பேசுனாங்க. அவருகிட்ட ஒருத்தரு பீடிக்கு நெருப்புக் கேட்டாரு. அவரு தீப்பெட்டியையே குடுத்துட்டாரு."

கதிரேசன் காலனிக்காரர். காதல் கல்யாணம். ரிஜிஸ்டர் ஆபீஸில் முதல் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அத்தோடு சாதி விவகாரம் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

"மலேசியாவுல யாரும் மரம் வெட்டிப் போட மாட்டாங்களேம்மா."

"மாட்டாங்க. காப்பி குடுத்துட்டுக் கேப்பாங்க."

நான் திருக்கோவிலூர் போனதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"சாம்பியாவுல?"

"அவனுங்களுக்குக் கேக்கத் தெரியாது நைனா. கறுப்பா செவப்பான்னு பாப்பாங்களா இருக்கும். அது ஒன்னுதான். மூனு பேருக்கும் ஒரே பதிலு."

மாப்பிள்ளை கொல்லையில் மொபெட் துடைத்துக்கொண்டிருந்தார். சம்பளம் கம்மி என்று தெரிந்துவிட்டது என்றேன்.

"ஜாஸ்தின்னு சொன்னா மேல கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன் மாமா."

"நான் கேக்காம இருப்பனா?"

"அதான் தப்புக் கணக்கு." லேசாகச் சிரித்தார். பிறகு, "தந்தி போட்டீங்களா?"

பை மேல் கை போனது. அவர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி துணியை எடுத்தார்.

புரட்டாசி 2, வெள்ளி

மலேரியா மாத்திரை எங்கே வாங்குவது என்று டாக்டரிடம் கேட்டேன். சென்னையில்தானாம்.

தந்தி ஆபீஸுக்கு நடந்தே போனேன். செய்தியையும் மாப்பிள்ளையின் வாசகத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். கிளார்க் சொற்களை எண்ணினார், நிமிர்ந்தார்.

"மலேசியா வேணாங்கறாரா? யாரு சார் இந்தக் கதிரேசன்?"

"என் மாப்பிள்ளை."

"அட. சொல்லவே இல்ல. எந்தப் பக்கம், இன்னா..."

"இன்னிக்கே போவுமா?"

கம்பி எங்கோ அறுந்திருக்கிறதாம்.

நிலுவை: மலேசியாவுக்குத் தந்தி. லைன் சரியானதும், நாளை மாலைக்குள் என்கிறார் கிளார்க். சாம்பியாவின் பதில்: ரோடு திறந்து தபால் வந்தால், அடுத்த வாரம். அதுவரை அவர்களுக்கு இரண்டு ஊரும் இல்லை.

'இன்னா ஆளுங்க' என்ற பொன்னிக்கு என் பதில்: வீட்டுக்குப் போனதும் வேண்டும். வாசல் மட்டையை அவள் இன்னும் எடுக்கவில்லை.