கை தூக்கிய குற்றம்

ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 1955

என் அருமை மகள் டிசேபோவுக்கு அம்மா எழுதுவது,

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். குளிர் போயும் உன் அப்பாவின் இருமல் மட்டும் போகவில்லை, ஃபாக்டரித் தூசியில் அது எங்கே போகும். நீ ப்ளூம்ஃபான்டைனில் வாத்தியார் வேலைக்கு நடுவிலும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் புதன்கிழமையே கைக்கு வந்துவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று வருத்தப்படாதே. அன்றைக்கு எழுத உட்கார்ந்திருந்தால் கோபத்தில் எதையாவது எழுதித் தொலைத்திருப்பேன். கோபம் இன்னும் ஆறவில்லைதான், ஆனால் அது உன்மேல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புலெங்கை ரயிலேற்றி அனுப்பு, எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர், வேறு பெயரில் என் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார், இப்போது விட்டால் அவள் படிப்பு அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறாய். தங்கைமேல் உள்ள பாசத்தில்தான் எழுதினாய், அது எனக்குத் தெரியாதா. பாதிரிமார்களிடமிருந்து பள்ளிகளைப் பிடுங்கி, கறுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்று அரசாங்கம் அளந்து வைத்தபோது நாங்கள் ஏப்ரலில் பிள்ளைகளை நிறுத்தினோம், குறித்த தேதிக்குள் திரும்பாத பிள்ளைக்கு நாட்டில் எந்தப் பள்ளியிலும் இடம் கிடையாது என்று மந்திரி சொன்னார், நாங்கள் திருப்பி அனுப்பவில்லை, இதெல்லாம் நீ அறிந்ததுதான். நீ அறியாதது போன செவ்வாய்க்கிழமை நடந்தது. அதைச் சொன்னால்தான் என் பதில் உனக்குப் புரியும்.

பள்ளிக்குப் பதிலாகப் புலெங் போகும் கிளப்பைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். உன்னோடு ஒரே வகுப்பில் படித்த மொட்சுமிதான் நடத்துகிறான். புதுச் சட்டத்தின்கீழ் பாடம் சொல்லித்தர மாட்டேன் என்று வாத்தியார் வேலையை உதறிவிட்டு வந்த பிள்ளை. அனுமதி இல்லாமல் பள்ளி நடத்தினால் குற்றம், அதனால் அங்கே கரும்பலகை கூடாது, சாக்பீஸ் கூடாது, ஒரு புத்தகம்கூடக் கூடாது. குழாயடிக்குப் பக்கத்தில் தைல மரத்தடியில் பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டே வாய்ப்பாடு பாடுவார்கள், புழுதியில் விரலால் எழுதி உடனே காலால் அழிப்பார்கள், கதை என்ற பெயரில் சரித்திரம் நடக்கும். அவனை சார் என்று கூப்பிடக்கூடாது, அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும், ஆனாலும் நாளுக்கு ஒரு பிள்ளையாவது வாய்தவறி சார் என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொள்ளும். குழாயடியில் வெள்ளைக்காரர் வீட்டுத் துணிகளை அலசிக்கொண்டே நானும் கேட்பேன். கேட்டுக் கேட்டுப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு எனக்கே வந்துவிட்டது, உன் அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார்.

செவ்வாய்க்கிழமையும் நான் குழாயடியில்தான் இருந்தேன். போலீஸ் வண்டி வந்து நின்றது. ஒரு வெள்ளைக்கார சார்ஜென்ட், கூடவே நம் தெருக்கோடி வீட்டுக் கான்ஸ்டபிள் ம்பாத்தா. பிள்ளைகள் நொடியில் புழுதியைக் கலைத்துவிட்டார்கள். போலீஸ்காரர்கள் மரத்தின் பின்னால் பார்த்தார்கள், மொட்சுமியின் கோட்டுப் பையைத் துழாவினார்கள், ஒரு துண்டு சாக்பீஸ்கூடக் கிடைக்கவில்லை. இங்க என்னடா நடக்குதுன்னு துரை கேக்குறாரு என்று ம்பாத்தா கேட்டான். விளையாடுறோம்யா, துரைக்கும் ஆசையா இருந்தா கயிறு தரச் சொல்றேன் என்றான் மொட்சுமி. நான் சிரிப்பை அடக்க முடியாமல் துணிக் கூடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆனால் அந்த சார்ஜென்ட் லேசுப்பட்டவன் இல்லை. வண்டி வரை போய், சட்டென்று திரும்பி, ஏழும் எட்டும் எத்தனை என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டான். மொட்சுமி கண் சாடை காட்டுவதற்குள் அத்தனை கைகளும் மேலே போய்விட்டன. எல்லோருக்கும் முன்னால் நம் புலெங், குதிகாலைத் தூக்கி, விரலைச் சொடுக்கி, என்னைக் கேளுங்கள் என்கிற மாதிரி. கேட்டான். பதினைந்து என்று சொல்லிவிட்டு, பாராட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றாள், பைத்தியக்காரப் பெண். விளையாடுற பசங்க கை தூக்கிப் பார்த்ததே இல்லைன்னு துரை சொல்றாரு என்று ம்பாத்தா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மொட்சுமியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் வழக்கு. ஜெபக் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் எங்கள் சீருடைச் சிவப்பு ரவிக்கை போட்டுக்கொண்டே போய்க் கறுப்பர் பெஞ்சை நிறைத்தோம். கூண்டில் ஏறிய ம்பாத்தா, சாக்பீஸ் இல்லீங்க, போர்டு இல்லீங்க, ஆனா பிள்ளைங்க எல்லாம் கை தூக்குச்சுங்க என்றான். அப்ப ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நாங்களும்தான் கை தூக்குறோம், பாதிரியாரையும் பிடிச்சு உள்ள போடுங்களேன் என்று எங்கள் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடைய குரல் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் அப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோர்ட்டே சிரித்தது, மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. இனி மொட்சுமி எந்தப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு நின்றாலும் நேராகச் சிறை என்று எச்சரித்து விட்டுவிட்டார். வெளியே வந்ததும் அந்தப் பிள்ளை முதலில் கேட்டது, புலெங் எப்படி இருக்காம்மா என்றுதான். இரண்டாவதாக உன்னை விசாரித்தான், அதைப்பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

புலெங் எப்படி இருக்கிறாள் என்று நீயும் கேட்பாய். செவ்வாய் இரவு களியும் கீரையும் வைத்தேன், வலது கையைத் தொடைக்குக் கீழே அழுத்தி வைத்துக்கொண்டு இடது கையால் பிசைந்தாள். ஏனடி என்று கேட்டால் கையை இன்னும் அழுத்திக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. அப்புறம்தான் சொன்னாள், இந்தக் கைதானேம்மா அண்ணனைப் பிடிச்சுக் குடுத்துச்சு என்று. யோசித்துப் பார் டிசேபோ. பதினோரு வயதுப் பிள்ளை, கேட்ட கணக்குக்குச் சரியான பதில் சொன்னதற்காகத் தன் கையையே தண்டித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கையை வெளியே இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, தெரிஞ்சா தூக்கத்தாண்டி செய்யணும், நீ தப்புப் பண்ணல, சட்டந்தான் பண்ணுது என்று சொன்னேன். சொன்ன கையோடுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். கையை மறைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டு, பெயரை மறைத்துக்கொண்டு போ என்று எந்த வாயால் சொல்வேன். மழையில் பிறந்தவள் என்று நானும் உன் அப்பாவும் ஆசையாக வைத்த பெயர் அது. அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் என்ன கிடைக்கும், மூன்று மணி நேரப் பாடமும் கையில் ஒரு துடைப்பமும். பள்ளியைக் கூட்டுகிற ஆளை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளையே கூட்ட வைக்கிறார்கள் என்று நீயேதான் எழுதினாய்.

போன மாதம் துணி கொடுக்கப் போனபோது, நான் துணி வெளுக்கும் வீட்டு மேடம், உன் பொண்ணு ஸ்கூலுக்குப் போகலைன்னா என்ன அன்னா, துவைக்கத் தெரிஞ்சா போதாதா என்றாள். என் பெயர் அன்னா இல்லை என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிறேன், அது வேறு கதை. போதும்தான் மேடம், உங்க பையனையும் அனுப்புங்க, சேர்த்தே சொல்லித்தர்றேன் என்றேன். அடுத்த வாரம் துணி வராது என்று நினைத்தேன். வந்தது. அவள் புருஷன் காலரை வேறு யார் அப்படி வெளுத்துக் கொடுப்பார்கள்.

உன் அப்பா புலெங்கை அனுப்பிவிடலாம் என்கிறார். வீறாப்பு பேசியே பிள்ளை எதிர்காலத்தைக் கெடுக்கப் போற என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளப்பில் சர்டிபிகேட் தர மாட்டார்கள், நாளைக்கு அவள் நர்ஸ் ஆக வேண்டும் என்றால் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயந்துகொண்டேகூட முடியாது என்று சொல்லலாம், அதற்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. அதனால் என் பதில் இதுதான், புலெங்கை அனுப்ப மாட்டேன்.

நேற்றுக் காலை, மொட்சுமி இல்லையே, யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அத்தனை பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ம்பாத்தாவின் மனைவி தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள், வா என்று கூப்பிட்டேன், வந்தாள். துணியை அப்படியே போட்டுவிட்டு ஈரக் கையோடு நான்தான் முன்னால் நின்றேன். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை சமாளித்தேன். ஒரு பெண் பின்னக் கணக்குக் கேட்டாள், நானும் ம்பாத்தாவின் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புலெங் கை தூக்கவில்லை. அவளுக்குப் பதில் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் நீ கேட்டதற்குப் பதிலாக நான் ஒன்று கேட்கிறேன். டிசம்பர் விடுமுறைக்கு நீ வா. வந்து அந்த மரத்தடியில் நில். நிற்பது வெளியே தெரிந்தால் உன் வேலை போகும், பிடித்தால் சிறை, உன் சம்பளத்தில் பாதி இந்த வீட்டுக்குத்தான் வருகிறது, எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது, அதற்காக உன்மேல் எனக்கு ஒரு குறையும் வராது. ஆனால் புலெங்கை மட்டும் இனி கேட்காதே.

கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், உன் தலைமுடி ஒன்றுக்கும் கேடு வராமல் இருக்கட்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், கோபத்திலும் அதை மறக்கவில்லை. வருவதாக இருந்தால் புத்தகம் எதையும் எடுத்துக்கொண்டு வராதே, ஸ்டேஷனில் பெட்டியைத் திறந்து கொட்டிப் பார்க்கிறார்கள். தலைக்குள் இருப்பதை மட்டும் கொண்டு வா மகளே, எங்களுக்கு அது போதும்.

நீ பிறந்த நாள் முதல் உன் பெயராலேயே ஊர் கூப்பிடும் உன் அம்மா,
மா-டிசேபோ